துக்க மணியை நிறுத்திய கோயில்பிள்ளை

விழுப்புரத்துக்குச் செய்தி காலைப் பாசஞ்சர் வண்டியில் வந்தது. என் மகன் ரயில்வேயில் வேலை பார்ப்பதால் ஸ்டேஷனுக்குப் பின்புறத் தெருவில்தான் எங்களுக்குக் குடியிருப்பு. வாசலில் உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தேன். தெருமுனையில் எங்கள் ஊர்ச் சின்னப்பன் திரும்பினான். அவன் வந்தால் ஆள் தெரிவதற்கு முன்னே குரல் வந்துவிடும். அன்றைக்கு வாயைத் திறக்காமல் நடந்து வந்தான். நான் முறத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

"யாருடா?" என்று கேட்டேன்.

"கோயில்பிள்ளை மாமா, அத்தை. விடிகாலைல. செபமாலை கையில இருக்க சொல்லவே பூட்டாரு."

"ரொம்பக் கஷ்டப்பட்டாரா?"

"அதெல்லாம் இல்ல. நேத்து கூழ் குடிச்சாரு. உப்பு கம்மின்னு என்னைத் திட்டினாரு. அப்பால படுத்தவரு, அவ்ளோதான்."

திட்டிவிட்டுத்தான் போனார் என்று கேட்டதும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவரை அறிந்த உங்களுக்கு இது புரியும். அடுத்த வண்டிக்கே சின்னப்பனோடு திண்டிவனத்துக்குப் புறப்பட்டேன்.

அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். திண்டிவனத்திலிருந்து கூட்டேரிப்பட்டுக்குப் போகும் சாலையில் இறங்கி, வரப்பு வழியே நடந்தால் எங்கள் ஊர். சாமியார் திண்டிவனத்தில் இருப்பார். மாதத்துக்கு ஒருமுறை வந்து பூசை வைப்பார். மற்ற நாளெல்லாம் சவரிமுத்து அண்ணன்தான் கோயில்பிள்ளை. கோயிலைத் திறப்பது, விளக்கேற்றுவது, செபத்தை முன்னால் சொல்வது, மணி அடிப்பது எல்லாம் அவர் வேலை. எனக்கு உடன்பிறந்தவர் அல்ல. ஒரே தெருவில் வளர்ந்ததால் அண்ணன். மனைவி சீக்கிரமே போய்விட்டாள். லூர்து என்று ஒரே மகள்.

அந்த மணியைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. நாங்கள் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்கிற ஜனம். எங்கள் சாவுக்கு மணி அடிக்காத காலம் ஒன்று இருந்தது. வீட்டுக்கு வீடு கேப்பையும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையும் ஒதுக்கி வைத்து, பல வருஷம் சேர்த்து விற்று, எங்களுக்கென்று ஒரு மணி வாங்கினோம். இரண்டு பனங்கட்டைகளை நட்டு அதைத் தொங்கவிட்டார்கள். முதல் துக்க மணி அடித்தபோது, செத்தவருடைய பெண்டாட்டியே அழுகையை நிறுத்திவிட்டு மணியைக் காது கொடுத்துக் கேட்டாள். "நம்பளும் மனுஷன்தான்னு ஊருக்குச் சொல்லுது பாரு" என்றார் அண்ணன், கயிற்றை விடாமல்.

துக்க மணி ஒன்று அடித்து, இடைவெளி விட்டு, இன்னொன்று அடிக்கும். ஆணுக்கு ஒரு விதம், பெண்ணுக்கு ஒரு விதம். அதே மணியில் இன்னொரு விதமும் உண்டு. விடியலிலும் உச்சியிலும் அந்தியிலும் மூன்று மூன்றாக அடிப்பது. தேவதூதரான கபிரியேல் சம்மனசு தேவமாதாவிடம் வந்து மங்கள வார்த்தை சொன்னதை நினைத்து அடிக்கிற மணி. உச்சி மணி கேட்டால் நாங்கள் வயலில் நிமிர்ந்து நின்று செபம் சொல்லிவிட்டுக் கூழ் குடிக்கப் போவோம். பண்ணை மேஸ்திரிக்கு இது பிடிக்காது. ஒருநாள் கோயிலுக்கே வந்துவிட்டார்.

"ஏன்யா, சூரியன் இன்னும் உச்சிக்கே வரல. அதுக்குள்ள மணி அடிச்சுட்டு ஆளுங்களக் கரையேத்துற?"

"வந்துடும் மேஸ்திரி. எங்க மணியைக் கேட்டுத்தான் அது வருது" என்றார் அண்ணன்.

மேஸ்திரி திட்டிக்கொண்டே போனார். மணி மறுநாளும் அதே நேரத்தில்தான் அடித்தது.

யுத்த காலத்தில், அரிசி கிடைக்காத ஒரு வருஷத்தில், வாந்திபேதி வந்தது. முதலில் ஏரிக்கரை வீடுகளில் ஆரம்பித்து எங்கள் தெருவுக்கும் வந்தது. சுகாதார இன்ஸ்பெக்டர் கிணற்றில் சிவப்பு மருந்தைக் கரைத்து, தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னார். விறகு ஏது என்று அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. ஊர்த் தெருவார் திருவக்கரைக் காளியம்மனுக்கு நேர்ந்துகொண்டார்கள். நாங்கள் செபஸ்தியார் சுரூபத்தைத் தோளில் தூக்கித் தெருவெல்லாம் சுற்றினோம். பாட்டில் என் குரல்தான் எல்லோருக்கும் மேலே கேட்டதாம். சில நாளில் நானே படுத்துவிட்டேன். என் வீட்டுக்காரரும் படுத்துவிட்டார். ஒரே குடிசையில் இரண்டு நோயாளி வேண்டாம் என்று அவரை அவருடைய அண்ணன் வீட்டுக்குத் தூக்கிப் போனார்கள். எனக்குத் துணையாக என் தங்கை ஞானம் வந்தாள்.

அந்த நோயில் கண் குழிந்து போகும், நாக்கு ஒட்டிக்கொள்ளும், கை கால் இழுக்கும். காது மட்டும் நன்றாகக் கேட்கும். படுத்துக்கொண்டு மணியைக் கேட்பேன். ஆணா பெண்ணா என்று பிரிப்பேன். இன்னார் வீட்டில் இன்னார் படுத்திருந்தாரே, அவராகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டுவேன். பிறகு, அடுத்தது யார் என்று யோசிப்பேன். நான் மட்டும்தான் இப்படிச் செய்கிறேன் என்று நினைத்திருந்தேன். படுத்திருந்த எல்லோரும் இதையேதான் செய்துகொண்டிருந்தார்களாம்.

ஒருநாள் அண்ணன் தீர்த்தம் எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார். கண்ணைத் திறக்காமலே கேட்டேன்.

"இப்ப அடிச்சது தேவசகாயம் பொண்டாட்டிக்குத்தானே அண்ணே?"

"நீ கம்முனு கஞ்சியக் குடி."

"காலைல எங்க சித்தப்பாவுக்கு. இப்ப அவளுக்கு. சாயங்காலம் எனக்கு. எனக்காவது நிதானமா அடிண்ணே. உனக்கு எப்பவுமே ஜல்தி."

ஞானம் உப்புப் போட்ட கஞ்சியை வாயருகே கொண்டுவந்தாள். "சாவப்போறவளுக்கு எதுக்குடி அரிசிய வீணாக்குற?" என்று தள்ளிவிட்டேன். கஞ்சி பாயில் கொட்டியது. அண்ணன் என் நெற்றியில் தீர்த்தத்தால் சிலுவை வரைந்துவிட்டுப் போனார். அன்று என்ன நினைத்தார் என்பதைப் பிற்பாடு அவரே சொன்னார். "உன் வூட்ட விட்டு அடுத்த வூட்டுக்குப் போனேன். அங்கயும் இதே கேள்விதான், யாருக்கு மணின்னு. அதுக்கடுத்த வூட்டுலயும் அதேதான். நோவு பாதி கொல்லுது, மீதிய நான் கயித்தப் புடிச்சு இழுத்து இழுத்துக் கொல்றேன்னு பட்டுது தங்கச்சி."

அன்று அந்தியில் மங்கள வார்த்தை மணி அடித்தது. அதற்குப் பிறகு துக்க மணி அடிக்கவில்லை.

இனிச் சொல்வது, ஞானமும் சின்னப்பனும் எனக்குச் சொன்னது. அடுத்ததாகப் போனது சின்னப்பனுடைய அம்மா. சின்னப்பன் நேரே கோயிலுக்கு ஓடினான்.

"மாமா, எங்கம்மா பூட்டாங்க. மணி அடி."

"பூட்டாங்களா! நல்ல மனுஷிடா. சர்வேசுரன் சேத்துக்குவாரு. மணி மட்டும் இல்லடா."

"இல்லன்னா இன்னா அர்த்தம்?"

"நோவு போற வரைக்கும் துக்க மணி கெடையாது. யாருக்குமே கெடையாது."

"இந்த மணிய வாங்க எங்கம்மா வருஷா வருஷம் மல்லாட்டை கொடுத்தாங்க. எங்களுக்குப் பசின்னாகூட அந்தப் பானையில கை வெக்க வுட மாட்டாங்க. அவங்களுக்கே மணி இல்லியா? மணி இல்லாம தூக்கிப் போட எங்கம்மா இன்னா நாயா?"

"உசுரோட படுத்துக்கினு இருக்கவங்களுக்கும் காது இருக்குடா."

"அடுத்தவன் வூட்டுச் சாவு உனக்கு லேசு. உன் வூட்டுல ஒண்ணு வுழட்டும். அன்னிக்கு உன் கை கயித்துக்குப் போவுதா இல்லியான்னு நான் இங்கயே நின்னு பாக்குறேன்."

சின்னப்பன் அதோடு விடவில்லை. சாகக் கிடந்த நோயாளிகளுக்குக் கடைசி எண்ணெய் தொட்டு அவஸ்தை பூச வந்த சாமியாரிடமும் முறையிட்டான். அவர் ஊர் ஊராகச் சுற்றி முகம் கறுத்துப் போயிருந்தார். "உன் தாயார் ஆத்துமத்துக்கு நாளைக்குப் பூசை வைக்கிறேன் அப்பா. மணி இல்லை என்று சர்வேசுரன் யாரையும் திருப்பி அனுப்பமாட்டார்" என்றாராம். மறுநாள் அந்தப் பூசையில் நின்று அழுதான். ஆனால் அண்ணனோடு பேச்சை நிறுத்திவிட்டான். அவன் மேல் எனக்கு அப்போதும் குறை இல்லை, இப்போதும் இல்லை. அந்த மணி எங்களுக்கு எப்படி வந்தது என்று அறிந்தவர்கள் அவனைக் குறை சொல்ல மாட்டார்கள்.

மணியை நிறுத்துவது அண்ணன் கையில் இருந்தது. ஒப்பாரியை நிறுத்துவதற்கு வீடு வீடாகப் போய்க் கும்பிட்டார். "அழுவாதீங்கன்னு சொல்லல தாயி. முந்தானைய வாயில வெச்சுக்கினு அழுங்க. பக்கத்து வூட்டுல ஒரு உசுரு ஊசலாடிக்கினு இருக்கு." சில பெண்கள் அவரை வாயில் வந்தபடி ஏசினார்கள். ஏசிவிட்டு, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதார்கள். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவள் சத்தம் போடாமல் அழுதது செபஸ்தியாருக்கு நாங்கள் செலுத்திய எல்லாக் காணிக்கையிலும் பெரியது என்று எனக்குத் தோன்றும்.

என் குடிசைக்குள் இது ஒன்றும் வரவில்லை. விடியல் மணி, உச்சி மணி, அந்தி மணி. நடுவில் காக்கை கத்தும், ஆடு கத்தும்.

"ஏண்டி, மணியே காணோம்?" என்று ஞானத்தைக் கேட்டேன்.

"நோவு நின்னுபோச்சுக்கா. எல்லாம் ஏந்து நடக்குறாங்க."

"எங்க வூட்டுக்காரரு, உங்க மாமா?"

"கஞ்சி குடிச்சாரு" என்று சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எல்லோரும் எழுந்துகொண்டார்கள், நான் மட்டும் என்ன பாவம் செய்தேன் என்று எனக்கு ரோஷம் வந்தது. கஞ்சியைக் கேட்டு வாங்கிக் குடித்தேன். வாந்தி எடுத்தேன். மறுபடி குடித்தேன். உச்சி மணிக்குச் செபம் சொல்ல உதடு அசைந்தது. அதற்கு மறுநாளோ அடுத்த நாளோ குரலும் வந்தது. குரல் வந்தால் நான் பிழைத்த மாதிரிதான் என்று தெருவுக்கே தெரியும்.

நான் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த அந்த நாட்களில்தான் அண்ணனுடைய லூர்து போனாள். நோயாளிகளுக்குத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்துக்கொண்டு வீடு வீடாகத் திரிந்தவள். காலையில் விழுந்தாள், உச்சிக்கு முன்னே மூச்சு நின்றுவிட்டது. செய்தி வாய்க்கு வாய் பரவி, நடக்க முடிந்தவர்கள் எல்லோரும் கோயிலடிக்கு வந்தார்கள். சின்னப்பனும் வந்து பனங்கட்டை அருகே நின்றான். சொன்ன சொல்லுக்காகத்தான் வந்து நிற்கிறான் என்று எல்லோரும் பயந்தார்கள்.

அண்ணன் மகளைப் பாயில் கிடத்திவிட்டு வந்தார். யாரையும் பார்க்கவில்லை. கயிற்றைப் பிடித்தார். மூன்று அடித்தார், செபம் சொன்னார். மூன்று அடித்தார், செபம் சொன்னார். மறுபடி மூன்று. உச்சி மணி முடிந்தது. கயிற்றைக் கட்டையில் சுற்ற ஆரம்பித்தார்.

அப்போது சின்னப்பன் கிட்டே போனான். "மாமா, அடி மாமா. பொண்ணுக்கு ஒரே ஒரு வாட்டி அடி. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். இங்க ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"உன் தம்பி பொண்டாட்டி படுத்துக்கினு இருக்காடா. அவளுக்குக் கேக்கும்" என்றார் அண்ணன். கயிற்றை முடிச்சுப் போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தார். சின்னப்பன் பின்னாலேயே போனான். குழி வெட்டியது அவன்தான்.

நான் கோல் ஊன்றி எழுந்து நடந்த பிறகுதான் ஞானம் என்னை உட்காரவைத்துச் சொன்னாள். என் வீட்டுக்காரர் கஞ்சி குடித்தார் என்று அவள் சொன்ன அன்றே அவரை அடக்கம் செய்துவிட்டிருந்தார்கள். அதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. கோலை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். அண்ணன் படியில் உட்கார்ந்து விளக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "லூர்துவும் பூட்டா தங்கச்சி" என்றார். பக்கத்தில் உட்கார்ந்தேன். கோலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்.

"பொய்தானே அண்ணே? அவரு செத்துக் கெடக்க சொல்ல, எல்லாம் நல்லா இருக்குதுன்னு நம்பிக்கினு நான் கஞ்சி குடிச்சேன். பொய்ய நம்பித்தானே பொழச்சேன்?"

"ஞானம் சொன்னது பொய். அத அவ சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லிக்கட்டும். நான் வாயே தெறக்கலியே."

"நீ மணிய நிறுத்தினதும் பொய்தான்."

அவர் திரியைக் கீழே வைத்தார். "நானும் ரோசிக்கிறேன். செஞ்சது சரியா தப்பான்னு எனக்கு இன்னிக்கும் தெரியாது. ஆனா ஒண்ணு. இழவுச் சேதிய நிறுத்தினேன். மங்கள வார்த்தைய ஒரு நாள்கூட நிறுத்தல. சர்வேசுரன் மனுஷனா வந்து நம்மகூட இருக்காருன்னு நாளைக்கு மூணு வாட்டி அடிச்சேன். லூர்து பூட்ட அன்னிக்கும் அடிச்சேன். நீ நம்பினது அந்த மணியத்தான். அது பொய்யா?"

அவர் கீழே வைத்த திரியை எடுத்து நான் திரிக்க ஆரம்பித்தேன். பேச்சுக்குப் பேச்சு பதில் வைத்திருக்கிறவள் என்று பெயர் வாங்கினவள் நான். நான் பிழைத்தது கஞ்சியாலா, செபஸ்தியாராலா, மணி அடிக்காததாலா என்று பல தடவை யோசித்திருக்கிறேன். மணி நின்ற பிறகும் பலர் செத்தார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அவர்கள் அடுத்தவர் சாவை எண்ணிக்கொண்டே சாகவில்லை. விசுவாசம் என்றால் சாவு இல்லை என்று சொல்வதல்ல. சாவு நம் வீட்டிலேயே கிடக்கும்போதும், உச்சி வேளையில் எழுந்து போய் அந்த மூன்று மூன்றை அடிப்பது. ஞான உபதேசத்தில் நான் மனப்பாடம் செய்ததை அன்றுதான் புரிந்துகொண்டேன்.

அந்த வருஷம், செத்தவர்களுக்காக வேண்டிக்கொள்ளும் ஆத்துமாக்கள் திருநாளுக்குச் சாமியார் வந்து பூசை வைத்தார். பூசை முடிந்ததும் அண்ணன் கயிற்றருகே நின்று, நோயில் போன ஒவ்வொருவர் வீட்டாரையும் கூப்பிட்டார். முதலில் சின்னப்பனை. "வாடா. உங்கம்மாவுக்கு நீயே அடி. எவ்ளோ நேரம் வேணுமோ அடி." சின்னப்பன் அடித்தான். பிறகு ஒவ்வொரு வீடாக வந்தது. என் வீட்டுக்காரருக்கு நானே அடித்தேன். கடைசியில் லூர்து மட்டும் பாக்கி. அண்ணன் கயிற்றைப் பிடித்தார். கை கீழே வரவில்லை. ஜனம் முழுக்க நிற்கிறது. நான் போய் அவர் கைக்குக் கீழே பிடித்தேன். சின்னப்பன் மேலே பிடித்தான். ஞானம் வந்தாள், இன்னும் யார் யாரோ வந்து கை வைத்தார்கள்.

"இத்தினி பேரு இழுத்தா கயிறு அறுந்துடும்டா, பேஜாரு புடிச்சவனுங்களா!" என்று அண்ணன் அழுதுகொண்டே திட்டினார். இழுத்தோம். லூர்துவுக்கும் மணி அடித்தது.

அன்றிலிருந்து அவருக்குக் கூழ் காய்ச்சிக் கொடுத்தது சின்னப்பன் வீடுதான். இப்போது அவருடைய அடக்கத்துக்கு மணி அடித்ததும் அவன்தான். "போதும் வுடுடா" என்று பெரியவர்கள் சொன்னபோதும் விடவில்லை.

எங்கள் கோயில் சபைக்காரர்கள் அவரைப் பற்றி முப்பதாம் நாள் பூசைக்குள் என்னை எழுதித் தரச் சொன்னார்கள். நாள் தாண்டிவிட்டது. அதற்குக் காரணம் உண்டு. எங்கள் அடுத்த வீட்டு மருமகள் பட்டம்மா அப்போது டைபாய்டு ஜுரத்தில் கிடந்தாள். நான் அடக்கத்திலிருந்து திரும்பிய அன்று, "எங்க போயிருந்தீங்க அத்தை? யாராவது பூட்டாங்களா?" என்று பாயில் கிடந்தபடி கேட்டாள். கண்ணில் அந்தப் பழைய கணக்கு தெரிந்தது. "ஊருக்குப் போனேன்டி. புது மல்லாட்டை கொண்டாந்திருக்கேன். நீ ஏந்திரு, வறுத்துத் தர்றேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்கோ கிராமத்துப் படிப்பு. எழுத்தைக் கூட்டி வாய்விட்டுச் சொன்னால்தான் கை எழுதும். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். எழுத உட்கார்ந்திருந்தால் அவளுக்குக் கேட்டிருக்கும். அதனால் காத்திருந்தேன். அண்ணனிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது இந்தக் காத்திருப்புத்தான்.

நேற்று பட்டம்மா தானே எழுந்து வந்து குழாயடியில் சண்டை போட்டுக் குடம் நிரப்பினாள். ஆகவே இன்று சுவருக்குப் பயப்படாமல், வாய்விட்டுச் சொல்லி எழுதுகிறேன்: கோயில்பிள்ளை சவரிமுத்து அண்ணன் போய்விட்டார். கேட்டவர்கள் கைவேலையைச் சற்றே நிறுத்தி, அவருடைய ஆத்துமத்துக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.